ரத்தக்கட்டியைக் கரைத்த கதை: பால்டிமோர் முதல் உசிலம்பட்டி வரை

ரத்தம் உறைய வேண்டிய இடத்தில் உறையாவிட்டால் ஆபத்து. உறையக் கூடாத இடத்தில் உறைந்துவிட்டால் அதைவிட ஆபத்து!

அரிவாள் பட்ட விரலில் ரத்தம் உறைவதால்தான் மனிதன் பிழைக்கிறான். அதே உறைதல் இதயத்துக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய்க்குள் நடந்தால் மாரடைப்பு. மூளைக்குப் போகும் குழாயில் நடந்தால் பக்கவாதம். கால் நரம்புக்குள் உருவான கட்டி கிளம்பிப் போய் நுரையீரலில் அடைத்தாலும் உயிருக்கு ஆபத்துதான். குழாய்க்குள் உண்டாகும் இந்த உறைவைத்தான் பொதுவாக ரத்தக்கட்டி என்கிறோம்.

இருபதாம் நூற்றாண்டின் முதல் பாதி வரை டாக்டர்களிடம் இதைக் கரைக்கும் மருந்து கிடையாது. மாரடைப்பு வந்தவரை வாரக்கணக்கில் படுக்கையிலேயே கிடக்கச் சொல்வார்கள். பிழைத்தால் பிழைத்தார், அவ்வளவுதான். அந்த நிலைமை எப்படி மாறியது என்பதுதான் இந்தக் கட்டுரை. இந்த வரலாற்றில் மூன்று கேள்விகள் அடுத்தடுத்து வருகின்றன. கட்டியைக் கரைக்க முடியுமா? கரைக்கும் மருந்தை யாரால் வாங்க முடியும்? வாங்கினாலும் நேரத்துக்குப் போய்ச் சேருமா? முதல் இரண்டு கேள்விகளுக்கும் பெருமளவு பதில் கிடைத்துவிட்டது. மூன்றாவதில்தான் இன்றைக்கும் உயிர்கள் போகின்றன.

சோதனைக்குழாயில் கிடைத்த மருந்து

ஆண்டு 1933. அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவ நிறுவனத்தில் வில்லியம் டில்லட் என்பவர் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்ற பாக்டீரியாவை ஆராய்ந்து வந்தார். தொண்டைப்புண் உண்டாக்கும் அதே கிருமிதான். அதை மனித ரத்தத்தின் பிளாஸ்மாவோடு கலந்து, உறைய வைத்துப் பார்த்தார். எதிர்பார்த்ததற்கு மாறாக உறைந்தது. சோதனைக்குழாய்களை ஓரமாக வைத்துவிட்டார். பிறகு எடுத்துப் பார்த்தால் உறைந்தது மறுபடியும் தண்ணீர் போல ஆகியிருந்தது! கிருமியிடமிருந்து வந்த ஏதோ ஒரு பொருள் கட்டியைக் கரைத்திருந்தது. கார்னர் என்பவரோடு சேர்ந்து டில்லட் இதை வெளியிட்டார்.

அந்தப் பொருளுக்குப் பிற்பாடு ஸ்ட்ரெப்டோகைனேஸ் என்று பெயர் வந்தது. 1940-களில்தான் அது வேலை செய்யும் விதமும் புரிந்தது. ஸ்ட்ரெப்டோகைனேஸ் நேரடியாகக் கட்டியை வெட்டுவதில்லை. நம் ரத்தத்திலேயே பிளாஸ்மினோஜென் என்ற புரதம் சும்மா மிதந்துகொண்டிருக்கிறது. ஸ்ட்ரெப்டோகைனேஸ் அதோடு ஒட்டிக்கொண்டு அதைத் தட்டி எழுப்பிவிடும். எழுந்த புரதத்துக்குப் பெயர் பிளாஸ்மின். ரத்தக்கட்டியை வலை போலப் பிடித்து வைத்திருப்பது ஃபைப்ரின் என்ற நார். பிளாஸ்மின் அந்த நாரைத் துண்டு துண்டாக வெட்டும். வலை அறுந்தால் கட்டி கரையும். ஆக, கட்டியைக் கரைக்கும் சக்தி உடம்பிலேயே இருக்கிறது. வெளியிலிருந்து வரும் மருந்து அதை அவசரப்படுத்துகிறது.

முதலில் இந்த மருந்தை இதயத்துக்குக் கொடுக்கவில்லை. 1940-களின் கடைசியில் டில்லட்டும் சோல் ஷெர்ரியும் நுரையீரலைச் சுற்றி உறைந்து கிடக்கும் ரத்தத்தையும் சீழையும் இளக்குவதற்குப் பயன்படுத்தினார்கள். 1958-ல்தான் மாரடைப்பு நோயாளிகளுக்கு நரம்பு வழியாகக் கொடுத்த அனுபவம் வெளிவந்தது.

சந்தேகம் தீர இருபது ஆண்டுகள்

அப்புறம் ஏன் உடனே எல்லா ஆஸ்பத்திரிக்கும் வரவில்லை? காரணம், கட்டிதான் மாரடைப்பை உண்டாக்குகிறதா, இல்லை மாரடைப்பு வந்ததால் கட்டி உண்டாகிறதா என்று டாக்டர்களுக்குள்ளேயே வாதம் ஓடிக்கொண்டிருந்தது. பின்னதுதான் உண்மை என்றால் கட்டியைக் கரைத்துப் பிரயோஜனம் இல்லையே!

1980-ல் டிவுட் என்ற அமெரிக்க டாக்டரின் குழு இதற்கு விடை சொன்னது. மாரடைப்பு தொடங்கிய முதல் 4 மணி நேரத்துக்குள் வந்த 126 பேருக்கு ஆஞ்சியோகிராம் எடுத்துப் பார்த்தார்கள். 110 பேருக்கு, அதாவது 87 சதவீதம் பேருக்கு, ரத்தக்குழாய் முழுதாக அடைத்திருந்தது. நேரம் கழித்து வந்தவர்களிடம் இந்த அளவு குறைவாக இருந்தது. வலி தொடங்கும்போதே அடைப்பு இருக்கிறது, பிறகு சிலருக்குத் தானாகவே கொஞ்சம் விலகுகிறது என்பது தெளிவானது. கட்டிதான் குற்றவாளி என்று உறுதியானது.

அதன் பிறகு வந்தது இத்தாலியின் ஜிஸ்ஸி ஆய்வு. 1986-ல் முடிவு வெளியானது. 11,806 நோயாளிகள். பாதிப் பேருக்கு ஸ்ட்ரெப்டோகைனேஸ், மீதிப் பேருக்கு வழக்கமான சிகிச்சை. 21 நாளில் இறந்தவர்கள், மருந்து பெற்ற பிரிவில் 10.7 சதவீதம், பெறாத பிரிவில் 13 சதவீதம். வித்தியாசம் சின்னதாகத் தெரியலாம். ஆனால் ஆயிரம் பேருக்குக் கணக்குப் போட்டால் 23 உயிர்.

இந்த ஆய்வின் உண்மையான பாடம் நேரத்தில்தான் இருக்கிறது. வலி தொடங்கி ஒரு மணி நேரத்துக்குள் ஊசி போட்டவர்களில் மரணம் 8.2 சதவீதம். அதே ஒரு மணி நேரத்துக்குள் வந்தும் ஊசி போடாதவர்களில் 15.4 சதவீதம். கிட்டத்தட்ட பாதி! 3 மணி நேரத்துக்குள் என்று பார்த்தால் பலன் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்காகச் சுருங்கியது. 6 மணி நேரம் தாண்டியவர்களுக்குக் குறிப்பிடத்தக்க பலன் எதுவும் இந்த ஆய்வில் தெரியவில்லை. காமர்ஸ் படிப்பவர்களுக்குத் தேய்மானம் என்றால் தெரியும். இயந்திரம் ஆண்டுக்கு ஆண்டு தேயும். இந்த மருந்தின் மதிப்பு நிமிடத்துக்கு நிமிடம் தேய்கிறது. மருந்து அதேதான், புட்டி அதேதான், விலையும் அதேதான். தேய்வது எதிரில் இருக்கும் இதயத் தசை.

1988-ல் வந்த ஐசிஸ்-2 என்ற ஆய்வு 17,187 பேரை வைத்து இதை உறுதிப்படுத்தியது. கூடவே இன்னொரு ஆச்சரியத்தையும் காட்டியது. சாதாரண ஆஸ்பிரின் மாத்திரையும் ஏறக்குறைய ஸ்ட்ரெப்டோகைனேஸ் அளவுக்கே உயிர் காத்தது. இரண்டையும் சேர்த்துக் கொடுத்தபோது மரணம் 13.2 சதவீதத்திலிருந்து 8 சதவீதமாகக் குறைந்தது. ஆஸ்பிரின் கட்டியைக் கரைக்காது, வளர விடாமல் தடுக்கும். அதன் விலையோ காசுக் கணக்கு.

விலை உயர்ந்த புது மருந்து

ஸ்ட்ரெப்டோகைனேஸில் குறைகள் உண்டு. அது கிருமியிலிருந்து வருவதால் உடம்பு அதை அந்நியனாகப் பார்த்து எதிர்ப்புப் பொருளை உருவாக்கிவிடும். ஒருமுறை போட்டவருக்கு மறுபடியும் போடுவதைத் தவிர்ப்பார்கள். சிலருக்கு ஒவ்வாமை வரும், ரத்த அழுத்தம் இறங்கும். எல்லாவற்றுக்கும் மேலாக அது கட்டியைத் தேடிப் போவதில்லை. ரத்தம் முழுக்கப் பிளாஸ்மினை எழுப்பிவிடுவதால் வேறு இடங்களில் ரத்தக்கசிவு ஆகலாம். அபூர்வமாக மூளையிலேயே கசியலாம்.

இதற்கு மாற்றாக வந்தது டி.பி.ஏ. இது மனித உடம்பே தயாரிக்கும் பொருள். கட்டியில் இருக்கும் ஃபைப்ரின் நாரைப் பிடித்துக்கொண்டுதான் இது தீவிரமாக வேலை செய்யும். பெல்ஜியத்தின் லூவன் பல்கலைக்கழகத்தில் தெசிரே கோலன் இதைப் பிரித்தெடுத்து ஆராய்ந்தார். அமெரிக்காவின் ஜெனென்டெக் நிறுவனம் மரபணுத் தொழில்நுட்பத்தால் பெருமளவில் தயாரித்தது. 1987 நவம்பரில் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது.

இரண்டில் எது சிறந்தது? 1993-ல் வெளியான கஸ்டோ ஆய்வில் 41,021 நோயாளிகளை வைத்துப் பார்த்தார்கள். டி.பி.ஏ. வேகமாகச் செலுத்தப்பட்டவர்களில் 30 நாள் மரணம் 6.3 சதவீதம். ஸ்ட்ரெப்டோகைனேஸ் பெற்றவர்களில் 7.2 முதல் 7.4 சதவீதம். அதாவது நூறு பேருக்கு ஒரு உயிர் கூடுதல். ஆனால் அப்போது அமெரிக்காவில் டி.பி.ஏ. ஒரு டோஸ் 2,000 டாலருக்கு மேல், ஸ்ட்ரெப்டோகைனேஸ் சில நூறு டாலர். பணக்கார நாடுகளிலேயே இந்த வித்தியாசம் பெரிய விவாதமானது. அப்படியென்றால் இந்தியாவில் கேட்கவே வேண்டாம்.

இந்தியாவின் கணக்கு

2001 முதல் 2005 வரை இந்தியாவின் 50 நகரங்களில் 89 மருத்துவமனைகளில் 20,468 இதய நோயாளிகளைப் பதிவு செய்து நடந்த கிரியேட் ஆய்வு 2008-ல் வெளிவந்தது. கட்டி கரைக்கும் மருந்து கொடுக்கப்பட்டவர்களில் 96 சதவீதம் பேருக்குக் கொடுக்கப்பட்டது ஸ்ட்ரெப்டோகைனேஸ்தான். உலகம் புது மருந்துக்குப் போய்க்கொண்டிருந்தபோது இந்தியா 1933-ல் கண்டுபிடித்த மருந்தை வைத்துத்தான் உயிர்களைக் காப்பாற்றிக்கொண்டிருந்தது.

அதே ஆய்வில் நெஞ்சை உறுத்தும் ஒரு விஷயம் இருக்கிறது. ஏழை நோயாளிகளில் 30 நாளுக்குள் இறந்தவர்கள் 8.2 சதவீதம், வசதியானவர்களில் 5.5 சதவீதம். ஏழைகளின் நோய் கடுமையானது என்பதா காரணம்? இல்லை. அவர்களுக்குக் கிடைத்த சிகிச்சையில் இருந்த வித்தியாசத்தைக் கணக்கில் எடுத்துக்கொண்டால் மரணத்தில் இருந்த வித்தியாசம் மறைந்துவிட்டது. இதைவிடத் தெளிவாக ஒரு ஆய்வு சொல்ல முடியாது.

இந்தச் சூழ்நிலையில்தான் சண்டிகரில் 1984-ல் தொடங்கப்பட்ட நுண்ணுயிர்த் தொழில்நுட்ப நிறுவனத்தின் பங்கு முக்கியமாகிறது. மத்திய அரசின் சி.எஸ்.ஐ.ஆர். அமைப்பைச் சேர்ந்தது இது. இங்கே கிரிஷ் சாஹ்னி தலைமையிலான குழு ஸ்ட்ரெப்டோகைனேஸை இந்தியாவிலேயே தயாரிக்கும் முறைகளை உருவாக்கியது. இயற்கை முறையில் எடுக்கும் தொழில்நுட்பம் அகமதாபாத்தின் காடிலா பார்மசூட்டிகல்ஸ் நிறுவனத்துக்குப் போனது. மரபணு முறையில் தயாரிக்கும் தொழில்நுட்பம் சென்னையின் ஷாசூன் நிறுவனத்துக்குப் போய், 2009-ல் சந்தைக்கு வந்தது.

அந்தக் குழுவின் மூன்றாவது முயற்சிதான் உண்மையிலேயே புதுமை. ஸ்ட்ரெப்டோகைனேஸின் பெரிய குறையான, கட்டியை அடையாளம் தெரியாத தன்மையைச் சரிசெய்யப் பார்த்தார்கள். கட்டியைப் பற்றிக்கொள்ளும் குணமுள்ள ஒரு மனிதப் புரதத்தின் துண்டை ஸ்ட்ரெப்டோகைனேஸோடு மரபணு வழியாக ஒட்டவைத்தார்கள். இந்தக் கலப்பு மூலக்கூறு ரத்தத்தில் நுழைந்தவுடன் வேலையைத் தொடங்காது. சற்றுத் தாமதித்து, கட்டியைப் போய்ப் பிடித்த பிறகு விழித்துக்கொள்ளும். டி.பி.ஏ.வின் குணம், ஸ்ட்ரெப்டோகைனேஸின் செலவு என்பதுதான் கனவு. 2006-ல் அமெரிக்காவின் நாஸ்ட்ரம் நிறுவனம் இதற்கு உரிமம் வாங்கியது. இந்திய அரசு ஆய்வகம் ஒன்று கண்டுபிடித்த மருந்துக்கு அமெரிக்கக் கம்பெனி உரிமம் வாங்கியது அப்போது பெரிய செய்தி. சாஹ்னி பின்னாளில், 2015-ல், சி.எஸ்.ஐ.ஆர். அமைப்பின் தலைமை இயக்குநரும் ஆனார்.

மூளை விஷயம் வேறு

ஸ்ட்ரெப்டோகைனேஸ் கைவிட்ட இடம் ஒன்று உண்டு. அது பக்கவாதம். 1990-களில் பக்கவாத நோயாளிகளிடம் அதைச் சோதித்தபோது மூளையில் ரத்தக்கசிவு அதிகமானதால் ஆய்வுகளையே பாதியில் நிறுத்த வேண்டியதாயிற்று. 1995-ல் 624 நோயாளிகளை வைத்து நடந்த அமெரிக்க ஆய்வு, டி.பி.ஏ.வை 3 மணி நேரத்துக்குள் கொடுத்தால் ஊனம் குறைகிறது என்று காட்டியது. 2008-ல் இந்த எல்லை நாலரை மணி நேரமானது. அதற்கு முன்னால் சி.டி. ஸ்கேன் எடுத்தாக வேண்டும். பக்கவாதம் கட்டியாலும் வரலாம், ரத்தக்கசிவாலும் வரலாம். கசிவு உள்ளவருக்கு இந்த ஊசியைப் போட்டால் அதுவே எமனாகிவிடும்.

2015-க்குப் பிறகு இன்னொரு வழி உறுதியானது. தொடையிலோ கையிலோ உள்ள ரத்தக்குழாய் வழியாகக் கம்பியை மூளை வரை அனுப்பி, வலை போன்ற கருவியால் கட்டியைப் பிடித்து வெளியே இழுப்பது. பெரிய குழாய் அடைத்தவர்களுக்கு இது மிகுந்த பலன் தருகிறது. தேர்ந்தெடுத்த சிலருக்கு 24 மணி நேரம் வரைகூடச் செய்யலாம். ஆனால் அதற்கான கருவியும் பயிற்சி பெற்ற டாக்டரும் பெரிய நகரங்களில்தான் இருக்கிறார்கள்.

ஊருக்குள் வரக்கூடிய மருந்து என்றால் டெனெக்டிபிளேஸ். டி.பி.ஏ.வைச் சற்றே மாற்றி அமைத்த மருந்து இது. டி.பி.ஏ.வை ஒரு மணி நேரத்துக்கும் மேலாகச் சொட்டுச் சொட்டாக ஏற்ற வேண்டும். டெனெக்டிபிளேஸை எடைக்குத் தகுந்த அளவில் ஒரே ஊசியாகச் சில நொடிகளில் போட்டுவிடலாம். அமெரிக்காவில் 2000-ல் மாரடைப்புக்கும் 2025-ல் பக்கவாதத்துக்கும் அனுமதி பெற்றது. புனேயின் ஜெனோவா நிறுவனம் இதை இந்தியாவிலேயே தயாரிக்கிறது. 2022-ல் மத்திய அரசின் அத்தியாவசிய மருந்துப் பட்டியல் திருத்தப்பட்டபோது பழைய டி.பி.ஏ. நீக்கப்பட்டு டெனெக்டிபிளேஸ் சேர்க்கப்பட்டது. இந்தப் பட்டியலில் இடம்பெறும் மருந்துகளுக்கு அரசு உச்ச விலை நிர்ணயிக்கும். அதனால் ஒரு மருந்து பட்டியலுக்குள் வருவது ஏழைக்கு வெறும் காகிதச் செய்தி அல்ல.

தமிழ்நாட்டில் நடந்த சோதனை

இதுவரை சொன்னது மருந்தின் கதை. இனி வழியின் கதை. மாரடைப்புக்கு மிகச் சிறந்த சிகிச்சை, உடனடியாக ஆஞ்சியோபிளாஸ்டி செய்து குழாயைத் திறப்பது. ஆனால் அதற்கு கேத் லேப் வேண்டும். அது எல்லா ஊரிலும் இல்லை. அதனால் கோவையின் தாமஸ் அலெக்சாண்டர், சென்னையின் முல்லாசரி அஜித் ஆகிய இதய நிபுணர்கள் ஒரு திட்டம் வகுத்தார்கள். சின்ன மருத்துவமனையிலேயே இ.சி.ஜி. எடுத்து, அதைப் பெரிய மருத்துவமனைக்கு அனுப்பி, அங்குள்ள நிபுணர் சொன்னவுடன் கட்டி கரைக்கும் ஊசியைச் சின்ன மருத்துவமனையிலேயே போட்டுவிடுவது. பிறகு ஆம்புலன்ஸில் ஏற்றி, ஒரு நாளுக்குள் பெரிய மருத்துவமனையில் ஆஞ்சியோகிராம் செய்வது. வண்டிச் சக்கரத்தின் குடமும் ஆரங்களும் போன்ற அமைப்பு. தமிழ்நாட்டில் 2008 செப்டம்பரில் தொடங்கிய 108 ஆம்புலன்ஸும் முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டமும் இதற்குத் துணை நின்றன.

2012-ல் தொடங்கி நான்கு வட்டாரங்களில் 2,420 நோயாளிகளை வைத்து இதைச் சோதித்தார்கள். 2017-ல் முடிவு வெளியானது. திட்டத்துக்கு முன் ஓராண்டுக்குள் இறந்தவர்கள் 17.6 சதவீதம், திட்டத்துக்குப் பின் 14.2 சதவீதம். ஆஞ்சியோகிராம் கிடைத்தவர்கள் 35 சதவீதத்திலிருந்து 60.8 சதவீதமாக உயர்ந்தார்கள். இந்தியாவில் புது மருந்து எதுவும் இல்லாமல், ஒழுங்கான ஏற்பாட்டால் மட்டுமே இவ்வளவு உயிர் காக்க முடியும் என்று காட்டியது இந்த ஆய்வு.

ஆனால் அதே ஆய்வில் ஒன்று மாறவில்லை. சிகிச்சை தொடங்க ஆன நேரம் முன்பைப் போலவே இருந்தது. லாபம் கிடைத்தது ஊசிக்குப் பிந்தைய பயணத்தில்தான். ஊசிக்கு முந்தைய நேரம் குறையவில்லை.

மதுரையைச் சுற்றி

கிரியேட் ஆய்வின்படி முழு அடைப்பு மாரடைப்பு வந்த இந்தியர்கள் மருத்துவமனைக்கு வந்து சேர ஆன நேரம், நடுமதிப்பாக, 360 நிமிடம். ஆறு மணி நேரம்! ஜிஸ்ஸி ஆய்வில் பலன் மங்கிப்போன அதே எல்லை. உள்ளே வந்த பிறகு ஊசி போட ஆனது 50 நிமிடம்தான்.

இதை மதுரை வட்டாரத்துக்குப் பொருத்திப் பாருங்கள். அரசு ராஜாஜி மருத்துவமனை, ஒரு காலத்தில் எர்ஸ்கின் ஆஸ்பத்திரி, நகரின் நடுவில் இருக்கிறது. 1954-ல் தொடங்கிய மதுரை மருத்துவக் கல்லூரியோடு சேர்ந்தது. திருமங்கலத்திலிருந்து ஏறத்தாழ 20 கிலோமீட்டர், மேலூரிலிருந்து 30, உசிலம்பட்டியிலிருந்து 40. பஸ்ஸில் வந்தாலும் ஒன்றரை மணி நேரத்துக்குள் வந்துவிடலாம். அந்த மூன்று ஊர்களிலும் அரசு மருத்துவமனைகளும் இருக்கின்றன. இந்தச் சமவெளியில் ஏறிக் கடக்க வேண்டிய மலையும் இல்லை, கடக்க முடியாத ஆறும் இல்லை. வைகையில் தண்ணீர் ஓடுவதே விசேஷம்! அப்படியிருக்க ஒருவருக்கு ஆறு மணி நேரம் ஆகிறது என்றால் அந்த நேரம் சாலையில் போவதில்லை. வீட்டில் போகிறது.

எப்படிப் போகிறது என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். நெஞ்சு அழுத்துகிறது என்றால் "வாய்வுப் பிடிப்பு" என்பார்கள். கோலி சோடா வரும், ஓமத் தண்ணீர் வரும், முதுகில் தைலம் தேய்ப்பார்கள். "விடியட்டும், பார்க்கலாம்" என்று ஒரு பெரியவர் சொல்வார். சர்க்கரை வியாதி உள்ளவர்களுக்கும் பெண்களுக்கும் வலியே சரியாகத் தெரியாமல் வியர்வை, மூச்சுத்திணறல், வாந்தி என்று மட்டும் வரலாம். அப்போது சந்தேகமே வராது. செலவு பயம் வேறு. கூட வர ஆள் வேண்டும், மறுநாள் கூலி போகும். இவையெல்லாம் அறியாமை என்று ஒதுக்கிவிடக் கூடியவை அல்ல. தினக்கூலி வாங்கும் குடும்பத்துக்கு ஒரு ராத்திரி ஆஸ்பத்திரிக்குப் போவது உண்மையிலேயே ஒரு கணக்குதான். அந்தக் கணக்கில் இதயத் தசையின் தேய்மானம் மட்டும் எழுதப்படாமல் விடுபட்டுப் போகிறது.

தமிழ்நாடு அரசு 2023 ஜூனில் தொடங்கிய "இதயம் காப்போம்" திட்டம் இந்த இடைவெளியைக் குறிவைத்தது. ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் துணை சுகாதார நிலையங்களிலும் ஆஸ்பிரின், குளோபிடோகிரெல், அட்டார்வாஸ்டாட்டின் ஆகிய மாத்திரைகளை முதல் தவணையாகக் கொடுத்துவிட்டு மேல் சிகிச்சைக்கு அனுப்புவது திட்டம். மொத்தம் 14 மாத்திரைகள். இவை கட்டியைக் கரைக்காது. ஆனால் கட்டி வளராமல் தடுத்து, கரைக்கும் ஊசி கிடைக்கும் வரை கொஞ்சம் அவகாசம் வாங்கித் தரும். ஐசிஸ்-2 சொன்ன பாடம் முப்பத்தைந்து ஆண்டு கழித்துக் கிராமத்துத் துணை சுகாதார நிலையம் வரை வந்திருக்கிறது.

கட்டியைத் தேடிப் போகும் மூலக்கூறு, சில நொடியில் போடும் ஊசி, மூளைக்குள் போகும் வலை எல்லாமே வியக்க வைப்பவைதான். இன்னும் நல்ல மருந்துகளும் வரும். ஆனால் எத்தனை புது மருந்து வந்தாலும் ஆறு மணி நேரம் கழித்து வருபவருக்கு அதன் பலனில் பெரும்பகுதி ஏற்கனவே போயிருக்கும். ஒரு மணி நேரத்துக்குள் வருபவருக்கோ 1933-ல் ஒரு சோதனைக்குழாயில் கிடைத்த பழைய மருந்துகூடப் பெரிய துணைதான். நெஞ்சு வலியோ, வாய் கோணுவதோ, கை தளர்வதோ தெரிந்தால் சோடா தேடுவதற்கு முன்னால் 108-ஐக் கூப்பிடுங்கள். வெறும் வாய்வாகவே இருந்தால் ஒரு இ.சி.ஜி. எடுத்துவிட்டுத் திரும்பி வந்துவிடலாம். அதில் நஷ்டம் எதுவும் இல்லை.